நறுமண ஆற்றங்கரையில் ஒரு கல்வெட்டு நகர்



வியட்நாம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலானோர் மனக்கண்ணில் தோன்றுவது போர்க்களமே. குண்டுவீச்சு விமானங்களும் எரியும் கூரைகளும் அலறி ஓடும் குழந்தைகளுமாகவே அந்த நாட்டை நாம் பத்திரிகைப் படங்களிற் கண்டோம். ஆனால் அந்த மண்ணுக்குப் போரைவிட நீண்ட சரித்திரம் உண்டு. புலவர்களான மன்னர்களும் மன்னரை எதிர்த்த புலவர்களும் அங்கு வாழ்ந்திருக்கிறார்கள். அவர்களை ஒருசேரச் சந்திக்க விரும்புபவர் செல்ல வேண்டிய இடம் ஹுவே நகர். வடக்கே ஹனோய், தெற்கே முன்னர் சைகோன் எனப்பட்ட ஹோ சி மின் நகர், இவ்விரண்டுக்கும் நடுவே, மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலப்பரப்பில், ஹுவோங் ஆற்றின் கரையில் அது அமைந்திருக்கிறது. ஹுவோங் என்றால் நறுமணம் என்பது பொருள். 1802ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை நுயென் வம்சத்துப் பேரரசர் பதின்மூவர் அந்த நகரிலேயே முடிசூடினர்.

இன்று அங்கு வரும் உல்லாசப் பயணிகளை வழிகாட்டிகள் ஒரே பகலில் நகர் முழுவதும் அழைத்துச் சென்று காட்டிவிடுகிறார்கள். காலையிற் கோட்டையும் அரண்மனையும். அதன்பின் ஆற்றங்கரையிலுள்ள தியன் மு பௌத்த ஆலயம். பிற்பகலில் நகருக்கு வெளியே, குன்றுகளிடையே உள்ள பேரரசர் சமாதிகள். இதுவே வழமையான ஒழுங்கு. நாமும் அந்த ஒழுங்கிலேயே செல்வோம். ஆனால் இலக்கியத்தில் நாட்டமுள்ள நாம், கட்டடங்களின் அழகைக் காண்பதோடு நின்றுவிடாமல் அங்கே எழுதப்பட்டிருப்பவற்றையும் கவனிப்போம். ஹுவேயில் தூணிலும் சுவரிலும் கல்லிலும் வெண்கலத்திலும் எழுத்து இருக்கிறது. எதை எழுதினார்கள், எதை எழுதாது விட்டார்கள், எழுதியதில் எதை உளி கொண்டு அழித்தார்கள் என்று பார்த்தால், அந்த வம்சத்தின் வாழ்வும் தாழ்வும் நமக்கு விளங்கிவிடும்.

சிவனை வழிபட்ட மண்

ஹுவே நிற்கும் நிலம் ஆதியில் வியட்நாமியருக்கு உரியதன்று. அது சம்பா இராச்சியத்தின் வடபகுதியாக இருந்தது. சாம் இனத்தவரான சம்பா மன்னர்கள் சிவனை வழிபட்டவர்கள். சமஸ்கிருதத்திலும் தம் சொந்த மொழியிலும் கல்வெட்டுப் பொறித்தவர்கள். ஹுவேக்குத் தெற்கே மி சொன் பள்ளத்தாக்கில் அவர்கள் எழுப்பிய செங்கற் கோயில்களின் எச்சங்களை இன்றும் காணலாம். பத்ரவர்மன் என்ற மன்னன் பத்ரேஸ்வரர் என்ற பெயரில் இலிங்கம் ஒன்றைத் தாபித்த இடம் அது. ஹுவேக்கு அண்மையிலுள்ள கடற்கரையிலும் எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாம் கோயில் ஒன்று 2001ஆம் ஆண்டில் மணலுக்கடியிலிருந்து வெளிப்பட்டது.

1306ஆம் ஆண்டிலே சம்பா மன்னன் மூன்றாம் ஜெயசிம்மவர்மன் வியட்நாமிய இளவரசி ஹுயென் திரானை மணந்தான். அதற்கு ஈடாகத் தன் நாட்டின் வடக்கே இருந்த இரண்டு பிரதேசங்களை அவளுடைய குடும்பத்துக்குக் கொடுத்தான். அடுத்த ஆண்டு அவன் இறந்தான். இளவரசியை அவளது தமையனின் ஆட்கள் மீட்டுச் சென்றனர். இளவரசி திரும்பிவிட்டாள்; கொடுத்த மண் திரும்பவில்லை. அந்த இரண்டு பிரதேசங்களுக்கும் துவான், ஹோவா எனப் புதுப்பெயர்கள் இடப்பட்டன. ஹோவா என்பதன் திரிபே ஹுவே என்பர் அறிஞர். ஆகவே இந்த நகரின் பெயரிலேயே ஒரு கைமாற்றத்தின் நினைவு தங்கியிருக்கிறது.

1558இல் நுயென் ஹோவாங் என்ற பிரபு வடக்கிலிருந்து ஆளுநராக இங்கு வந்தார். பெயரளவில் வடக்கே இருந்த அரசனுக்குக் கட்டுப்பட்டவராயினும், அவரது வழியினர் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகத் தென்பகுதியைத் தாமே ஆண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தாய் சொன் சகோதரர்களின் கிளர்ச்சி அந்தக் குடும்பத்தைத் தூக்கி எறிந்தது. தப்பிய இளவரசன் நுயென் ஆன் கால் நூற்றாண்டு போராடி, 1801இல் தன் முன்னோர் பதியை மீட்டான். 1802இல் ஜியா லோங் என்ற பெயருடன் பேரரசனாக முடிசூடினான். சீன எல்லை முதல் சீயம் வளைகுடா வரை நாடு ஒரே குடையின்கீழ் வந்தது.

அந்நியக் கலையில் எழுந்த மதில்

புதிய கோட்டையின் வேலை 1805இல் ஆரம்பித்து, ஜியா லோங்கின் மகன் மின் மாங்கின் காலத்தில் 1832இல் நிறைவெய்தியது. மனையடி சாஸ்திரம் நமக்குப் புதியதன்று. சீனரும் வியட்நாமியரும் அதைப்போன்ற ஒரு சாஸ்திரத்தை மிக நுட்பமாகப் பின்பற்றுபவர்கள். எதிரே உள்ள நு பின் குன்று தீய சக்திகளைத் தடுக்கும் திரைச்சீலை. ஆற்றின் நடுவேயுள்ள இரண்டு தீவுகளும் இருபுறமும் காவலிருக்கும் நீல நாகமும் வெண்புலியும். முன்னே ஓடும் ஆறு செல்வத்தைத் தேக்கும் நீர். இவ்வாறு கணித்து, நகர் தென்கிழக்கு நோக்கி அமைக்கப்பட்டது.

ஆனால் மதிலை அமைத்த முறை வேறு. அது பிரெஞ்சுப் படைத்துறைப் பொறியியலாளர் வோபானின் முறை. ஜியா லோங் போரிட்ட காலத்தில் அவனுக்குத் துணைநின்ற பிரெஞ்சு அதிகாரிகள் மூலம் அந்தக் கலை வியட்நாமை அடைந்திருந்தது. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 10 கிலோமீற்றர். உயரம் 6 மீற்றருக்கு மேல். தடிப்பு 21 மீற்றர் வரையாகும். 24 கொத்தளங்களும் சுற்றிவர அகழியும் உண்டு. பீரங்கிக் குண்டு துளைக்க முடியாத வன்மை அதற்கு உண்டென நம்பினார்கள். எந்த நாட்டாரிடம் கற்ற கலையினால் அந்த மதில் எழுந்ததோ, அந்த நாட்டாரே 1885இல் அதைக் கைப்பற்றினார்கள் என்பதை வழிகாட்டிகள் மறவாமற் சொல்வார்கள்.

பெரிய மதிலுக்குள்ளே அரச நகர். அதற்குள்ளே பேரரசரும் அவர் குடும்பத்தவரும் மட்டும் வசித்த செந்நீலத் தடை நகர். இப்படி ஒன்றினுள் ஒன்றாக மூன்று அடுக்குகள். அரச நகரின் தெற்கு வாயில் நோ மோன், 1833இல் எழுந்தது. அதற்கு ஐந்து வழிகள். நடுவழி பேரரசருக்கு மட்டும். அதன் இருமருங்கும் உள்ளவை சிவில் அதிகாரிகளுக்கும் படை அதிகாரிகளுக்கும். கோடியில் உள்ள இரண்டும் படைவீரருக்கும் யானை, குதிரைகளுக்கும். வாயிலின்மேல் மரத்தாலான ஐம்பீனிக்ஸ் மண்டபம். ஆண்டுதோறும் புதிய பஞ்சாங்கம் வழங்கப்பட்டதும், அரச பரீட்சையில் தேறியவர்களின் பெயர்கள் வாசிக்கப்பட்டதும் இங்கேதான். வறிய கிராமத்திலிருந்து வந்த ஒருவன் தன் பெயரை இந்த வாயிலிற் கேட்டானாயின் அவனது குலமே உயர்ந்துவிடும்.

அதே வாயிலில் 1945 ஓகஸ்ட் 30ஆம் திகதி இறுதிப் பேரரசரான பாவோ டாய் முடிதுறந்தார். அடிமை நாட்டின் மன்னனாயிருப்பதிலும் சுதந்திர நாட்டின் குடிமகனாயிருப்பதே மேல் என்ற கருத்து அவரது பிரகடனத்தில் அமைந்திருந்தது. புதிய அரசின் பிரதிநிதிகளிடம் அவர் பொன் முத்திரையையும் உடைவாளையும் கையளித்தார். பத்துக் கிலோகிராமுக்கும் மேல் நிறையுள்ள அந்த முத்திரை 1823இல் வார்க்கப்பட்டது. பின்னர் அது பிரான்ஸ் சென்று, 2022இல் பாரிஸ் நகரில் ஏலத்துக்கு வந்தது. பேச்சுவார்த்தை நடத்தி ஏலத்தை நிறுத்தி, 2023 நவம்பரில் வியட்நாம் அதை மீட்டுக்கொண்டது. ஆணைகளின் அடியிற் பதிந்து நாட்டை ஆண்ட பொருள் விலைப்பொருளாகிப் பின் மீண்டும் மரபுரிமையானது.

ஒரு கவிதை, ஒரு சித்திரம்

வாயிலைக் கடந்து சென்றால் தாய் ஹோவா மண்டபம். சிங்காசனம் இருந்த கொலுமண்டபம் இதுவே. செவ்வரக்குப் பூசிப் பொன் நாகங்கள் தீட்டிய 80 மரத்தூண்கள் கூரையைத் தாங்குகின்றன. பெருஞ்செலவிற் பழுதுபார்க்கப்பட்டு, 2024 நவம்பரில் இது மீண்டும் திறக்கப்பட்டது. இங்கே நாம் நிமிர்ந்து நோக்கவேண்டியது கூரைக்குக் கீழே ஓடும் பலகைகளை. ஒரு பலகையிற் கவிதை, அடுத்த பலகையிற் சித்திரம், மறுபடி கவிதை, மறுபடி சித்திரம் என்று அவை வரிசையாகச் செல்கின்றன. ‘ஒரு கவிதை, ஒரு சித்திரம்’ என்றே இந்த அலங்கார முறைக்குப் பெயர். ஹுவேயின் அரண்மனைகளிலும் சமாதிகளிலும் கோயில்களிலும் இவ்வாறு சீன எழுத்திற் பொறிக்கப்பட்ட கவிதைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. நாட்டின் தொன்மை, விளைச்சல், அமைதி, இயற்கை ஆகியவை அவற்றின் பாடுபொருள். 2016இல் இந்தக் கட்டட இலக்கியம் யுனெஸ்கோவின் ஆசிய பசுபிக் பிராந்திய ஆவணப் பதிவேட்டிற் சேர்க்கப்பட்டது. நம் நாட்டுக் கோயிற் சுவர்களில் திருமுறைப் பாடல்களை எழுதிவைக்கும் வழக்கத்தை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. எனினும் அங்கே பாட்டுடைத் தலைமை பெறுவது தெய்வமன்று, நாடும் அரசுமே.

இந்தச் சபையில் உத்தியோகம் பார்த்தவர்களுள் ஒருவர் நுயென் து. ‘கியூவின் கதை’ என்ற காவியத்தை இயற்றிய மகாகவி. 3,254 அடிகள் கொண்ட அந்தக் காவியத்தைச் சீன மொழியில் அன்றி, வியட்நாமிய மொழியைச் சீன எழுத்துச் சாயலில் எழுதும் நோம் எழுத்தில் அவர் எழுதினார். தந்தையைக் காப்பதற்காகத் தன்னை விற்ற ஒரு பெண்ணின் துயரம் அதன் பொருள். சபை சீன மொழியில் அரசைப் பாடிக்கொண்டிருந்தபோது, அவர் மக்கள் மொழியில் ஒரு பெண்ணைப் பாடினார். 1820இல் சீனத்துக்குத் தூது செல்ல நியமனம் பெற்று, புறப்படு முன்னரே ஹுவேயில் தொற்றுநோயால் இறந்தார். அவரது காவியம் இன்றும் கல்லாதவர் நாவிலும் வாழ்கிறது.

மாகாணங்களிலிருந்து வந்த அறிக்கைகளைப் பேரரசர்கள் படித்து, ஓரத்திற் செம்மையினால் தம் கருத்தை எழுதினார்கள். வெள்ளம், வரி, கொலை வழக்கு, கடற்கொள்ளை என எல்லாம் அவற்றில் உண்டு. மாணவரின் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்குச் செம்மையின் அதிகாரம் நன்கு தெரியும்! அந்த ஆவணத் தொகுதி 2017இல் யுனெஸ்கோவின் உலக ஆவணப் பதிவேட்டில் இடம்பெற்றது. நூல்களை அச்சிடுவதற்காகச் செதுக்கிய மரப்பலகைகள் 34,000க்கும் மேல் எஞ்சியுள்ளன. அவை 2009இலேயே அந்தப் பெருமையைப் பெற்றுவிட்டன.

கொலுமண்டபத்தின் பின்னே செல்பவர்க்கு ஒரு திடுக்கீடு காத்திருக்கிறது. செந்நீலத் தடை நகர் இருந்த இடத்திற் பெரும்பகுதி புல்வெளி. 1947 பெப்ரவரியில், பிரெஞ்சுப் படைகளுக்கும் வியட் மின் படைகளுக்கும் நடந்த போரில் அரண்மனைகள் எரிந்தன. எஞ்சியவற்றை 1968 அழித்தது. அவ்வாண்டு ஜனவரி 31ஆம் திகதி, வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறையில், வடவியட்நாமியப் படையினரும் தேசிய விடுதலை முன்னணியினரும் நகரைக் கைப்பற்றிக் கோட்டைக் கொடிமேடையிலே தம் கொடியை ஏற்றினர். அமெரிக்க, தென்வியட்நாமியப் படைகள் ஒரு மாத அளவு வீதி வீதியாகப் போரிட்டே நகரை மீட்டன. பீரங்கியும் விமானக் குண்டும் கோட்டைக்குள் விழுந்தன. நகர் கைமாறியிருந்த அந்த நாட்களில் சாதாரண மக்கள் ஆயிரக்கணக்கிற் கொல்லப்பட்டுப் புதைகுழிகளில் இடப்பட்டனர். இருபக்கத்தாலும் இறந்தவர்கள் அந்த நகர மக்களே.

1981இல் யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் அமடு மஹ்தர் எம்போ ஹுவேயைக் காக்குமாறு உலகுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1993இல் ஹுவே உலக மரபுரிமையாயிற்று. வியட்நாமில் முதன்முதல் அப்பட்டியலிற் சேர்ந்தது அதுவே. 1947இல் அழிந்த கியன் துருங் மாளிகை மீளக் கட்டப்பட்டு, 2024 தொடக்கத்தில் திறக்கப்பட்டது. அத்திவாரம் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் அதை எழுப்ப உதவியவை பழைய புகைப்படங்களும் ஆவணங்களுமே. கல்லும் மரமும் அழிந்த பின்னரும் தாளில் இருந்த நினைவு அவற்றை மீட்டது.

வெண்கலத்தில் ஒரு நாடு

அரச நகரின் தென்மேற்கில் வம்ச முன்னோரின் ஆலயம். அதன் முன்றிலில் மூன்று காலும் இரு காதும் உடைய ஒன்பது வெண்கலக் கிடாரங்கள் வரிசையாக நிற்கின்றன. மின் மாங் பேரரசர் 1835இல் வார்க்கத் தொடங்கி, 1837இல் நிறுவியவை. நடுவில் முன்தள்ளி நிற்கும் முதற் கிடாரத்தின் நிறை 2,600 கிலோகிராம் அளவு. அவற்றில் ஒரு பேரரசரின் உருவமும் இல்லை என்பதே சிறப்பு. 162 புடைப்புருவங்கள், ஒவ்வொன்றின் அருகிலும் அதன் பெயர். மலை, ஆறு, கடல், மரம், மலர், விலங்கு, பறவை, படகு, பீரங்கி என ஒரு நாட்டின் உடைமைகள் அனைத்தும் அங்குள்ளன. முதற் கிடாரத்திலே சூரியனும் கீழைக் கடலும் இருக்க, அவற்றோடு பலாப்பழமும் நெற்கதிரும் வெங்காயத்தாளும் சமமாக இடம்பெற்றிருக்கின்றன. நம் பழம்பாடல்களில் புகையாக மணக்கும் அகில் மரத்தையும் அங்கு காணலாம். முதல், கரு, உரி என்று நிலத்தை வகுத்துப் பாடிய மரபில் வந்தவர்களுக்கு இந்தக் கிடாரங்கள் வெண்கலத்தில் எழுதிய ஒரு கருப்பொருட் பட்டியலாகவே தோன்றும். 2024இல் இவையும் பிராந்திய ஆவணப் பதிவேட்டிற் சேர்ந்தன.

ஆலயத்தினுள்ளே பேரரசர்களுக்குத் தனித்தனிப் பீடங்கள். ஆனால் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்ததனால் நாடுகடத்தப்பட்ட ஹாம் நி, தான் தாய், துய் தான் ஆகிய மூவருக்கும் அங்கே நெடுங்காலம் இடமில்லாதிருந்தது. 1959இலேயே அவர்களது பீடங்கள் வைக்கப்பட்டன. இவர்களுள் துய் தான், 1916இல் பிரெஞ்சுக்காரருக்கு எதிரான எழுச்சியிற் சேர்ந்தபோது இன்னும் பதின்ம வயதினர். எழுச்சி தோற்றது. தந்தை தான் தாயுடன் அவர் றியூனியன் தீவுக்கு அனுப்பப்பட்டார். நம் தமிழ் மக்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட அதே தீவுதான். அங்கே அவர் வானொலிப் பெட்டி திருத்தும் தொழிலைக் கற்று வாழ்ந்தார் என்பது வானொலி நேயர்களாகிய உங்களுக்கு நெகிழ்ச்சி தரும் செய்தியாயிருக்கும். 1945 டிசம்பரில் மத்திய ஆபிரிக்காவில் விமான விபத்தில் இறந்தார். அவரது எச்சங்கள் 1987இலே ஹுவே வந்து சேர்ந்தன.

வானொலி நிலையத்தின் முன்னே

ஆற்றின் மேற்புறம் சென்றால் மேட்டிலே தியன் மு ஆலயம். 1601இல் நுயென் ஹோவாங் அமைத்தது. எட்டுப் பக்கங்களும் ஏழு நிலைகளும் கொண்ட அதன் கோபுரம் 1844இல் எழுந்தது. 1710இல் வார்த்த பெருமணியும் அங்குண்டு. ஆலயத்தின் பின்புறத்தில் ஒரு பழைய ஒஸ்ரின் மோட்டார் கார் நிறுத்தப்பட்டிருக்கிறது. 1963 ஜூன் 11ஆம் திகதி தித் குவாங் டுக் என்ற துறவி, அந்தக் காரிலேதான் சைகோன் நகரின் நாற்சந்திக்குச் சென்றிறங்கி, அமர்ந்த நிலையில் தீக்குளித்தார்.

அந்தத் தீயின் முதற்பொறி ஹுவேயிலேயே விழுந்தது. அவ்வாண்டு மே 8ஆம் திகதி வெசாக் நாள். பௌத்த கொடியைப் பறக்கவிடலாகாதென அரசு தடைவிதித்தது. அந்தக் கொடி நம் நாட்டோடு தொடர்புடையது. 1885இல் கொழும்பில் உருவாகி, பின்னர் உலக பௌத்தரின் பொதுக்கொடியாகியது. அன்றிரவு, துறவியொருவரின் உரையை ஒலிபரப்ப மறுத்ததனால் ஹுவே வானொலி நிலையத்தின் முன்னே மக்கள் திரண்டனர். சிறுவர்களும் அடங்கலாகப் பலர் அங்கே கொல்லப்பட்டனர். சொல்லவிடாது தடுக்கப்பட்ட ஓர் உரை, ஆறு மாதத்துக்குள் ஓர் அரசையே வீழ்த்துவதற்கு வழிவகுத்தது.

உளி தொட்ட பெயர்

தியன் முவுக்கு அப்பால், பல பயணக் குழுக்கள் இறங்காமலே கடந்து செல்லும் ஓர் இடம் உண்டு. அது கன்பூசியஸின் பெயரிலான வான் மியு என்னும் இலக்கிய ஆலயம். கட்டடங்கள் பெரும்பாலும் இல்லை. ஆனால் 32 கற்பலகைகள் நிற்கின்றன. 1822 முதல் 1919 வரை அரசின் உயர் பரீட்சையிற் கலாநிதிகளாகத் தேறிய 293 பேரின் பெயர்கள் அவற்றிற் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் பான் தான் ஜியான் ஒருவர். 1826இல் தேறியவர், தென்பகுதியிலிருந்து அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல்வர்.

1858இல் பிரெஞ்சுக் கப்பல்கள் தாக்கத் தொடங்கின. 1862இல் தெற்கின் மூன்று மாகாணங்களை விட்டுக்கொடுக்கும் உடன்படிக்கையிற் பேரரசர் து டுக்கின் சார்பில் ஒப்பமிட்டவர் இந்த முதியவர். 1863இல் பாரிஸ் சென்று அவற்றை மீட்கப் பேசிப் பார்த்தார், பயனில்லை. 1867இல் எஞ்சிய மூன்று மாகாணங்களையும் பிரெஞ்சுப்படை சூழ்ந்தது. எதிர்த்தால் மக்களே மடிவர் எனக் கருதி, போரிடாமல் அவற்றை ஒப்படைத்தார். பின்னர் உண்ணாதிருந்து நஞ்சருந்தி உயிர்துறந்தார். அரசசபை இறந்தவர்மீதும் குற்றம் சாட்டியது. அவரது பதவிகள் பறிக்கப்பட்டன. கற்பலகையில் இருந்த அவர் பெயர் உளியாற் செதுக்கி அழிக்கப்பட்டது. து டுக் மறைந்த பின், 1886இலே டோங் கான் பேரரசர் அந்தப் பெயரை மீண்டும் பொறிப்பித்தார். அவர் செய்தது சரியா பிழையா என்ற வாதம் வியட்நாமிய வரலாற்றாசிரியரிடையே நெடுங்காலம் தொடர்ந்தது.

தன்னைத்தானே எழுதிய மன்னன்

பிற்பகலில் பயணிகள் காண்பது, அந்த உளிக்கு ஆணையிட்ட து டுக்கின் சமாதி. 1847 முதல் 1883 வரை ஆண்டவர். நுயென் மன்னர்களுள் மிக நீண்ட ஆட்சி. கவிஞர், கன்பூசிய அறிஞர், தாய்க்கு மிகப் பணிந்த மகன். நூற்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருந்தும் பிள்ளையில்லை. 1864 முதல் 1867 வரை கட்டுவித்த இந்தச் சமாதித் தோட்டத்தில் ஏரியும் பைன் மரங்களும், நீரின்மீது மரமண்டபங்களும் உள்ளன. உயிரோடிருந்த காலத்திலேயே இங்கு வந்து தங்கிக் கவிதை புனைந்தார். ஒவ்வொரு கட்டடத்தின் பெயரிலும் ‘கியெம்’ என்ற சொல் வரும். அடக்கம் என்பது அதன் பொருள்.

அந்தப் பெயர் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சமாதிக்கு முதலில் இட்ட பெயர் ‘பதினாயிரம் ஆண்டு’ என்ற பொருளுடையது. கட்டாய ஊழியத்துக்குப் பிடிக்கப்பட்ட தொழிலாளர் வேலைப்பளுவாலும் கசையடியாலும் வருந்தினர். மக்கள் அதை வசைப்பாட்டாகப் பாடினர். 1866 செப்டெம்பரில் ஓர் இரவு அவர்கள் கிளர்ந்தெழுந்தனர். சுண்ணாம்பு இடிக்கும் உலக்கையே அவர்களது ஆயுதம். ஆதலால் ‘சுண்ணாம்புலக்கைக் கிளர்ச்சி’ என்று அது பெயர்பெற்றது. தலைமை தாங்கியவர் டோவான் ஹு துருங். அவர் ஒரு கவிஞர். பேரரசரின் சிறிய தந்தையும் புகழ்பெற்ற புலவருமான துங் தியன் இளவரசரின் மருமகன். கிளர்ச்சியாளர் அரண்மனை வரை சென்று பிடிபட்டனர், கடுந்தண்டனை பெற்றனர். அதன் பின்னரே சமாதிக்கு ‘அடக்கம்’ என்ற பெயர் வந்தது.

சமாதியின் நடுவிலே ஒரு மண்டபத்துள் ஏறத்தாழ 20 தொன் நிறையுள்ள கற்பலகை நிற்கிறது. மறைந்த மன்னனின் புகழை மகன் எழுதிப் பொறிப்பதே மரபு. மகனில்லாத து டுக் தன் கதையைத் தானே எழுதினார். ஏறத்தாழ 5,000 எழுத்துகள். அதில் அவர் தன் புகழைப் பாடவில்லை. தன் உடல் நலிவையும், பிள்ளையில்லாத துயரையும், நாட்டின் மண்ணை அந்நியருக்கு இழந்த பழியையும் எழுதியிருக்கிறார். மண்ணை இழந்ததற்காக மற்றொருவரின் பெயரைக் கல்லிலிருந்து அழித்தவர், அதே இழப்புக்குத் தன்னைத் தானே கல்லிற் பொறுப்பாக்கிக்கொண்டார்.

இந்தக் கல்லை எப்படிப் படிப்பது? தன் குறையை ஒப்புக்கொண்ட பெருந்தன்மை என்பர் சிலர். பயனற்ற புலம்பல் என்பர் வேறு சிலர். ஒன்று மட்டும் உண்மை. அரசர் புகழால் நிறைந்த மெய்க்கீர்த்திகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். தோல்வியைப் பொறித்த மெய்க்கீர்த்தி அரிது. ஆயினும் அந்தக் கல்லை இழுத்து வந்தவர்களின் பெயர்களும், உலக்கையேந்தி மாண்டவர்களின் பெயர்களும் அதில் இல்லை. மன்னன் தன் குற்றங்களை எழுதும்போதுகூட, எவற்றைக் குற்றமெனக் கொள்வது என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்கிறான்.

கல்லில் ஏறாதவர்கள்

மாலையில் பயணிகள் படகில் நகருக்குத் திரும்புவார்கள். கரையோரக் கடைகளில் ‘கவிதைத் தொப்பி’ விற்பார்கள். இரண்டு ஓலைப் படைகளுக்கு நடுவே, தாளில் வெட்டிய கவிதையடிகளை வைத்துத் தைத்த கூம்புத் தொப்பி அது. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எழுத்துகள் தோன்றும்.

அவ்வாறே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கவேண்டிய நினைவு ஒன்றும் ஹுவேயில் உண்டு. 1885 ஜூலை 5ஆம் திகதி பிரெஞ்சுப் படை கோட்டையைக் கைப்பற்றியது. அரண்மனை சூறையாடப்பட்டது. இளம் பேரரசர் ஹாம் நி காட்டுக்குத் தப்பிச் சென்றார். தப்பியோட முயன்ற மக்கள் பெருந்தொகையில் மடிந்தனர். அவர்களுக்குப் பொன்முத்திரையிட்ட ஆணையோ 20 தொன் கல்லோ இல்லை. ஆனால் சந்திரக் கணக்கின்படி அந்த நாள் ஐந்தாம் மாதம் 23ஆம் திகதி. அந்த நாளை அண்டி ஹுவே நகரில் வீடுகளின் முன்னே மேசை வைத்து, சோறும் பழமும் நீரும் படைத்து, பெயர் தெரியாத அந்த இறந்தவர்களுக்காக மக்கள் தீபமும் ஊதுபத்தியும் ஏற்றுகிறார்கள். தலைநகர் வீழ்ந்த கதையைப் பாடும் நாட்டுப்பாடலும் வழிவழியாக வந்திருக்கிறது. 1968இல் மாண்டவர்களின் திவசமும், நாடெங்கும் புத்தாண்டு கொண்டாடும் நாட்களிலேயே பல வீடுகளில் வருகிறது.

வரலாறு படிப்பவர்கள் கோட்டையின் நீள அகலங்களை எளிதில் மனனம் செய்துவிடலாம். 10 கிலோமீற்றர் மதில் 1885இலும் 1947இலும் 1968இலும் உள்ளே இருந்தவர்களைக் காக்கவில்லை. அந்த மக்களின் நினைவைக் காப்பது கதவோரத்து மேசையில் வைக்கும் ஒரு கிண்ணச் சோறு. ஹுவே செல்லும் நம்மவர் எவராயினும் அரண்மனையைப் பார்த்தபின் அந்த மேசைகளையும் பார்த்து வரவேண்டும். அந்த நகரின் கல்வெட்டுகளிற் பொறிக்கப்படாத பகுதி அங்கேதான் இருக்கிறது.